பொலிரோவை வீட்டில் நிறுத்த எந்த வண்டி வாங்கலாம்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு எங்களுக்கு. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். அதில் பாதி இட்டேரித் தடம் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் மண் வழி), நடுவில் ஒரு பள்ளம், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஓடும். வீட்டில் இருப்பது 2014 மாடல் பொலிரோ ஒன்றுதான். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக, பிள்ளைகளை ஊருக்குள் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட, மளிகை வாங்க, மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் அதேதான். டீசலுக்கு மட்டும் மாதம் ஏழாயிரத்துக்குக் குறைவதில்லை. மைலேஜ் நன்றாகக் கொடுக்கும் இரண்டாவது வண்டி வாங்க 80 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஸ்ப்ளெண்டர் என்கிறார். மாமனார் டிவிஎஸ் எக்ஸ்எல் போதும், அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம் என்கிறார். தம்பி மின்சார ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறான். பழைய ஆல்டோ ஒன்றேகால் லட்சத்துக்கு வருகிறது என்று ஒரு புரோக்கர் விடாமல் போன் செய்கிறார். பாலும் பிள்ளைகளும் என் பொறுப்பு. மார்க்கெட் வேலை அவருடையது. எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. எதை வாங்கட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

வணக்கம் சகோதரி,

வண்டியின் பெயருக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் உள்ளபடி பாலுக்கு இரண்டு நடை, பிள்ளைகளுக்கு ஒரு நடை, அவ்வப்போது கடைக்கு. சராசரியாக ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், மாதத்துக்கு 600 என்று வைத்துக்கொள்கிறேன். பழைய பொலிரோ இப்படிக் குட்டிக் குட்டி நடையில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தால் அதுவே நல்லது. டீசல் என்ஜின் சூடேறி ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்குள் சொசைட்டி வந்துவிடும், அணைத்துவிடுவீர்கள். குளிர்ந்த என்ஜின் எப்போதுமே அதிகம் குடிக்கும். டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். மாதம் 4,200.

இதே 600 கிலோமீட்டரை 55 கொடுக்கும் ஒரு இருசக்கர வண்டியில் ஓட்டினால், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், மாதம் சுமார் 1,090 ரூபாய். 65 கொடுக்கும் வண்டியில் சுமார் 920. இரண்டுக்கும் நடுவில் 170 ரூபாய்தான் வித்தியாசம். பொலிரோவிலிருந்து இறங்கினாலே மூவாயிரம் மிச்சமாகிறது. அதற்கு மேல் எந்த பைக் எத்தனை கொடுக்கும் என்று மல்லுக்கட்டுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பொலிரோ கிளம்பாமல் நிற்கும் ஒவ்வொரு நடையிலும்தான் உங்கள் பணம் இருக்கிறது. 70 கொடுக்கும் வண்டியை வாங்கி, பால் கேனை வைக்க இடமில்லை, சேலையோடு ஏற முடியவில்லை, சேற்றில் பயமாக இருக்கிறது என்று வாரத்தில் மூன்று நாள் பொலிரோ சாவியை எடுத்தால், அந்த மைலேஜால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் ‘இந்த வண்டியைத் தினமும், மழையிலும், கேனோடு, நான் யோசிக்காமல் எடுப்பேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டப்போவது நீங்கள். வீட்டுக்காரரும் மாமனாரும் தம்பியும் சொல்வதை எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆல்டோவைக் கழித்துவிடுவோம். லிட்டருக்கு 20 கொடுத்தாலும் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் பெட்ரோலுக்கே போகும். 4,200 செலவு 3,000 ஆகும், அவ்வளவுதான். நான்கு டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பதினைந்து வருடம் நெருங்கிய வண்டி என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் மறுபதிவு என்று அந்த மிச்சத்தையும் கார் தின்றுவிடும். குடும்பத்தோடு போகவும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் உங்களிடம் ஏற்கெனவே நான்கு சக்கரம் இருக்கிறது. புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்ப்ளெண்டர் நல்ல வண்டி. 97 சிசி என்ஜின், 18 அங்குலச் சக்கரம், எந்தக் கிராமத்திலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். வீட்டுக்காரர் தனியாகத் தினமும் ஒட்டன்சத்திரம் போய்வர வண்டி தேடியிருந்தால் நான் வேறு பெயரே சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர் போவது தக்காளி ஏற்றிக்கொண்டு, பொலிரோவில். உங்களுக்கு அது கியர் வண்டி, 112 கிலோ எடை, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், கேனைப் பக்கவாட்டில் கொக்கி போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். கியர் வண்டி பழகி, அதற்கென்று லைசென்ஸ் எடுத்து, நீங்கள் அதை எடுப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அதுவரை அவர் அந்த பைக்கில் போவார், நீங்கள் பொலிரோவில் பால் கொண்டுபோவீர்கள். இரண்டாவது வண்டி வாங்கிய பல வீடுகளில் நடப்பது இதுதான்.

மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஓட்டும் செலவில் அதை எதுவும் நெருங்க முடியாது. மாதம் 600 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 யூனிட் போகும். யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் 150 ரூபாய்தான். ஆயில் மாற்றும் செலவும் இல்லை. பெட்ரோல் வண்டியைவிட மாதம் 900 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் பால் கேனையும் தாங்கி, தினமும் நம்பி ஓட்டக்கூடிய நல்ல மின்சார ஸ்கூட்டருக்கும் எக்ஸ்எல்லுக்கும் விலையில் 40, 50 ஆயிரம் வித்தியாசம் வரும். அந்த மிச்சம் இந்த வித்தியாசத்தைக் கட்டி முடிக்க நான்கைந்து வருடம் ஆகும். உங்கள் 80 ஆயிரத்துக்கு மேல் போவதால் கடன் வாங்குவீர்கள். வட்டியையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

பணத்தை விட்டாலும், உங்கள் இடத்தில் மூன்று விஷயம் எனக்கு இடிக்கிறது. ஒன்று, அந்த இட்டேரி. பேட்டரியைத் தண்ணீர் புகாதபடிதான் மூடி வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 10, 12 அங்குலச் சக்கரம் பள்ளத்துக் கல்லில் இறங்கி ஏறும்போது ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பெட்ரோல் ஸ்கூட்டிக்கும் இதே குறைதான். அதோடு, அதன் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. இரண்டாவது, மின்சாரம். தோட்டத்து வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் போடுவது ஆபத்து. மோட்டாருக்கு வரும் இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போடும் யோசனை யாருக்காவது வந்தால் அப்போதே தடுத்துவிடுங்கள். அனுமதித்த வேலைக்கு அல்லாமல் அந்த இணைப்பைப் பயன்படுத்துவது சட்டப்படி முறைகேடு, மின்வாரியம் அபராதம் போடும். வீட்டு இணைப்பிலேயே போட்டாலும் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் குறைந்த விலைப் படி கைவிட்டுப் போய் மொத்த பில்லும் ஏறும். இப்போது எவ்வளவு வருகிறது என்று அட்டையில் பாருங்கள். மூன்றாவது, சர்வீஸ். வண்டி திரையில் ஏதோ ஒரு எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டால் ஊர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒட்டன்சத்திரத்திலேயே இருக்கிறதா, திண்டுக்கல்லுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பால் காலை ஆறரைக்குப் போயாக வேண்டும், அது காத்திருக்காது. தடத்துக்குத் தார் வந்து, பக்கத்தில் சர்வீஸும் வந்துவிட்டால் அடுத்த வண்டியாக மின்சாரத்தை நானே சிபாரிசு செய்வேன்.

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கும் மலிவான மின்சார ஸ்கூட்டரைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் அடங்குவதால்தான் அதற்கு அந்தச் சலுகை. உங்கள் கேனையும் உங்களையும் பள்ளத்து ஏற்றத்தில் அது இழுக்காது.

சரி, என் பதில் எக்ஸ்எல் 100. இந்த விஷயத்தில் உங்கள் மாமனாரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து நம் ஊர் பால்காரர், காய்கறிக்காரர், துணி மூட்டைக்காரர் எல்லோரும் இந்த வகை வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடம் தட்டையாக இருக்கிறது, கேன் அங்கே உட்காரும். பின் சீட்டைக் கழற்றினால் கேரியர். கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம், சேலையோடு ஏறலாம். 16 அங்குலச் சக்கரம் என்பதால் ஸ்கூட்டி விழும் குழியில் இது விழாமல் தாண்டும். முக்கியமாக, எடை 90 கிலோவுக்கு உள்ளேதான். பள்ளத்துச் சேற்றில் சிக்கினால் இறங்கி நீங்களே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். கேன் வைத்து 35, 40 வேகத்தில் ஓட்டினால் 50-லிருந்து 60 வரை எதிர்பார்க்கலாம். விளம்பரத்தில் போடும் மைலேஜை விட்டுவிடுங்கள். அது சோதனைக் கூடத்தில், சுமை ஏற்றாமல் எடுத்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கு பலம் கம்மி, ஐந்து குதிரைத்திறன்கூட இல்லை. பழனி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் இதை ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போகும் பழக்கம் வேண்டாம், அதுவும் இருட்டிய பிறகு. பின்னால் வருகிறவர் நினைப்பதைவிட இது மெதுவாகப் போகும் வண்டி. டயர் மெல்லிசு, ஈரக் களிமண்ணில் வழுக்கும். தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இவை எதுவும் உங்களைப் பெரிதாகப் பாதிக்காது.

மாமனார் சொன்ன இன்னொன்று தவறு. எக்ஸ்எல் 100-க்கு லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். அது 99.7 சிசி வண்டி. ஐம்பது சிசி வரைதான் 16 வயதிலேயே ஓட்டலாம் என்ற சலுகையெல்லாம். அந்தச் சலுகைக்கும் லைசென்ஸ் உண்டு. கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கான லைசென்ஸ் உங்களுக்குப் போதும். இப்போதே எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போட்டுவிடுங்கள். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். ஸ்கூட்டி நன்றாக ஓட்டத் தெரிந்தும் லைசென்ஸ் இல்லாமல் ஒரு விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே திருப்பிக் கேட்கலாம். அந்தத் தொகைக்குத் தோட்டத்தையே விற்கும் நிலைக்குப் போன குடும்பங்கள் உண்டு.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. எக்ஸ்எல் தாங்கும் சுமை என்று கம்பெனி சொல்வது 130 கிலோ, ஓட்டுகிறவரையும் சேர்த்து. நீங்கள், மகள், மகன், பால் கேன் என்று ஒரே நடையில் முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கூட்டிப் பார்த்தால் 130-ஐத் தாண்டும். சட்டப்படியும் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். சுமை கூடிய வண்டியில் பிரேக் பிடித்தால் நினைத்த இடத்தில் நிற்காது. எட்டு மணிக்கு மகனை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயது மகள் அந்த மூன்று கிலோமீட்டரை சைக்கிளில் உங்கள் கூடவே வரலாம். மழை நாளில் இரண்டு நடை அடியுங்கள். கூடுதலாக ஆறு கிலோமீட்டர், பதினோரு ரூபாய் பெட்ரோல். மகனுக்கும் ஹெல்மெட் வேண்டும், நான்கு வயதுக்கு மேல் சட்டமே அப்படித்தான். பெரியவர்கள் ஹெல்மெட் குழந்தைத் தலையில் சுற்றும், அவன் அளவுக்கு வாங்குங்கள். வண்டி விலையோடு சேர்த்து இதற்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விழுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். இருபது லிட்டர் பால் 20 கிலோ 600 கிராம். கேனின் எடையும் சேர்ந்தால் 25 பக்கம் வரும். முழுக் கேன் அசையாமல் நிற்கும். பாதிக் கேன்தான் வம்பு. வளைவில் திரும்பும்போது பால் ஒரு பக்கம் சாய்ந்து, நீங்கள் நிமிர்த்துவதற்குள் மறுபக்கம் அடிக்கும். பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து ஹேண்டிலைத் தள்ளும். மாலைப் பால் குறைவாக இருக்கும் என்பதால் பத்து லிட்டர் கேன் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் நிறைய ஊற்றி எடுத்துப்போங்கள். முன்னால் வைக்கும் கேன் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது எங்கும் இடிக்கக் கூடாது, உங்கள் முழங்காலையும் வெளியே தள்ளக் கூடாது. அடியில் பழைய சைக்கிள் டயர் துண்டைப் போட்டு ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் வழுக்காது. கேரியரில் வைப்பதாக இருந்தால் நடுவில், உங்கள் முதுகை ஒட்டி. பின்னுக்குத் தள்ளி வைத்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, திருப்பினாலும் திரும்பாது.

வாங்கும்போது எக்ஸ்எல்லில் கேரியர் பலமாக உள்ள ஹெவி டியூட்டி மாடலாகப் பாருங்கள், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக. ஷோரூமுக்கு உங்கள் கேனையும் எடுத்துக்கொண்டு போங்கள். வைத்துப் பார்த்து, தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். தயங்காமல் கேளுங்கள், அனுமதிப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலை யாராவது நீட்டினால் புதியதைக் கேளுங்கள். ரோடு டாக்ஸ், ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் சேர்த்து உங்கள் 80 ஆயிரத்துக்குள் அடங்கிவிடும், கடன் தேவைப்படாது. கடன் போட்டால் ஏதோ பரிசு தருகிறோம் என்பார்கள், ரொக்கமாகவே கட்டுங்கள். மிஞ்சும் பணத்தில் ஹெல்மெட், மழைக்கோட்டு, பின்னால் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்.

பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், ஆயில் கலந்து பெட்ரோல் போடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர் வேண்டாம். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100-லிருந்துதான் நான்கு ஸ்ட்ரோக். பழைய வண்டிதான் என்று முடிவானால் ஆர்சி விற்பவர் பெயரில் இருக்கிறதா, கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு இந்த வண்டியிலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டில் வீடு வந்து சேர்வோம். இப்போது அப்படி வறள ஓட்டினால் டேங்கின் பெட்ரோல் பம்ப் கெடும், மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். நான்கு லிட்டர் டேங்க், வாரத்துக்கு உங்களுக்கு மூன்று லிட்டருக்குள் போதும். வாரம் ஒரு நாள் பங்கில் நிரப்பிவிடுங்கள். பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலைத் தவிர்த்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், நாள்பட்ட பாட்டிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். எத்தனாலால் மைலேஜும் கொஞ்சம் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் பழைய காலத்தில் எடுத்த மைலேஜோடு ஒப்பிட்டு வண்டியில் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் தடத்தில் வெயில் காலப் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மழைக் காலத்தில் சேறு பிரேக் டிரம்மிலும் செயினிலும் ஒட்டும். வாரம் ஒரு முறை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு மூன்று சுற்று தானாக ஓட வேண்டும். அரைச் சுற்றில் கரகரவென்று நின்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுகியிருக்கிறது. பெட்ரோல் போவது அங்கேதான். செயினைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விடுவதும், பிரேக் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துவதும் மகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். பிரேக்கைத் தளர்த்தினால் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்க வேண்டும். டயர் காற்று கேன் சுமைக்கு ஏற்றபடி இருக்கட்டும், செயின் மூடி பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையோ சர்வீஸ் புத்தகமோ சொல்லும் அளவில்.

வண்டியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். புதிய வண்டிக்குச் சொந்த சேதக் காப்பீடு ஒரு வருடத்துக்குத்தான் போடுவார்கள், ஐந்து வருடம் என்பது மூன்றாம் நபருக்கு மட்டும். அடுத்த வருடம் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதை இப்போதே காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.